சின்னதொரையின் பட்டம்

முதல் நாளே வீரையாவுக்கு முன்பல் ஒன்று போனது. இரண்டாம் நாள் வலது கைப் பெருவிரல் நகம் பிய்ந்தது. மூன்றாம் நாள் எங்கெங்கே அடி என்று பார்க்க அவனுக்கே பொறுமை இல்லை. இத்தனைக்கும் அவன் யாரோடும் வம்புக்குப் போகவில்லை. பட்டம் விடப் போனான், அவ்வளவுதான்.

பட்டம் என்றால் பிள்ளைகள் வால் கட்டி விடுகிற காகிதப் பட்டம் இல்லை. விரித்துப் போட்டால் எட்டு ஆள் வரிசையாகப் படுக்கலாம். முன்விளிம்பில் ரப்பர் பை. அதற்கு பம்ப் வைத்துக் காற்றடிக்க வேண்டும். அதிலிருந்து தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த இரண்டு கயிறுகள் எழுபது, எண்பது அடிக்கு இறங்கி வரும். அவற்றின் நுனியில் ஒரு முழ நீளத்துக்குப் பிடிகட்டை. அந்தக் கட்டையை இடுப்புப் பெல்ட்டின் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஒரு பலகையில் இரண்டு பாதத்தையும் நுழைத்துக்கொண்டால், காற்று பட்டத்தை இழுக்கும், பட்டம் ஆளை இழுக்கும், ஆள் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு போவான். போக வேண்டும் என்பது பேச்சு. வெளிநாட்டிலேயே அது புது விளையாட்டு. அங்கே கடலும் மணலும் இருக்கின்றன, விழுந்தாலும் மெத்தென்று விழலாம். இங்கே நீலகிரியில், மஞ்சூருக்கு மேலே அணைத் தண்ணீரும், அதைச் சுற்றிப் பாறையும், பாறைக்கு மேலே கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கிய தேயிலையும்தான். கவ்வாத்து வெட்டிய செடி மேல் ஒருமுறை விழுந்து பார்த்தால் தெரியும், ஒவ்வொரு குச்சியும் ஈட்டி.

பட்டத்தைக் கொண்டுவந்தவன் தோட்டத்து முதலாளியின் இளைய மகன் ராஜசேகர். லயம் என்கிற கூலி வரிசை வீடுகளில் இருக்கிறவர்களுக்குச் சின்னதொரை. ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கப் போனான். படித்தானோ என்னவோ, இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம் பட்டத்தோடு திரும்பினான். அப்போது ஒரு கிலோ பச்சைக் கொழுந்து விற்றால் இரண்டு கிளாஸ் டீ குடிக்கக் காணாது. ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். பெரியதொரை கோயமுத்தூரை விட்டு மேலே வருவதே இல்லை. தோட்டத்து நிழல் மரங்களையும் கற்பூர மரங்களையும் வெட்டி விற்கிற வேலையைச் சின்னதொரையிடம் விட்டிருந்தார்.

வீரையா அந்த மரங்களுக்குக் கயிறு போடுகிறவன். அடியில் ரம்பவாள் ஓடும்போது, உச்சியில் கட்டிய வடத்தை இந்தப் பக்கம் எட்டுப் பேர் இழுத்துப் பிடிக்க வேண்டும். எட்டுப் பேருக்கும் முன்னால் நிற்பவன் வீரையா. மரம் எங்கே சாயப் போகிறது என்று மரத்துக்கே தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரியும் என்பார்கள். கோபமும் அப்படித்தான், வருவது மற்றவர்களுக்குத் தெரியாது. சித்திரையில், பதினோரு வாரச் சம்பளம் கேட்டு ஆபீஸ் வாசலில் கூடியபோது, கிளார்க் "சிலோன்ல இருந்து அடிச்சுத் தொரத்துன பொழப்பத்ததுக" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வாக்கியம் முடிந்தபோது அவருடைய மூக்கு இருந்த இடத்தில் இல்லை.

வேலை போனது. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் வீடு இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். ஆவணி முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. வீரையா சிலோன் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, ஏழு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவன். அவன் மனைவி ரேணுகா கைக்குழந்தையாக வந்தவள். இரண்டு பேருக்கும் கீழே சமவெளியில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய்கூடக் கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள் மஞ்சூர் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்து அறைதான் அவர்களுக்கு ஊர், நாடு எல்லாம். அது போய்விட்டால் நடுத்தெரு. அந்தத் தெருவும் எந்த ஊரில் என்று தெரியாது.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் சின்னதொரையின் ஜீப் லயத்துக்கு முன்னால் வந்து நின்றது.

"ஏண்டா, நீதான கயித்துக்காரன்?" என்றான் ராஜசேகர், இறங்காமலே. "ஆவணியில பங்களாவ ரிசார்ட்டாக்கறதுக்குப் பணம் போட ஆளுக வர்றாங்க. அவிய முன்னாடி நான் இந்தப் பட்டத்துல போய்க் காட்டோணும். அதுக்கு முன்னாடி இதோட கொணம் என்னன்னு பாக்கோணும். நீ மொதல்ல மாட்டிக்கோ. எங்க அடிக்குது, எங்க இழுக்குதுன்னு பாத்து எனக்குச் சொல்லு. நான் பழகிட்டன்னா உன்ற ஊடு உனக்குத்தான்."

"எனக்கு நீச்சல் ஏலாதுங்க தொரை."

"மெதக்கற சட்டை இருக்குது, சாவமாட்டே. ஒண்ணே ஒண்ணு. உசுரே போனாலும் கட்டைய உட்றாத. பட்டம் கிழிஞ்சுது, உன்ற தோல உரிச்சுப்போடுவேன்."

உயிருக்கு மாற்று உண்டு, பட்டத்துக்கு இல்லை. அதுதான் அந்த ஒப்பந்தம். வீரையா சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

முதல் நாள் நடந்ததற்குச் சின்னதொரையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அதில் பாதி நம் ஆட்களின் சொந்தப் புத்தி. அவ்வளவு பெரிய பட்டம் வீரையாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து, மரம் வெட்டுகிற வடத்தைக் கொண்டுவந்து அவன் இடுப்பில் கட்டினார்கள். மறுமுனையை எட்டுப் பேர் பிடித்துக்கொண்டார்கள். மரத்துக்குச் செய்வதுதான், மனுஷனுக்கும் செய்தார்கள். பட்டம் எழுந்தது. அணைக்கு மேற்கே இருந்து ஆனிக் காற்று வந்து அதில் விழுந்தது.

விட்டிருந்தால் அவன் காற்றோடு பத்தடி ஓடியிருப்பான், இழுப்பு தளர்ந்திருக்கும். வடம் விடவில்லை. முன்னால் பட்டம், பின்னால் எட்டு ஆள், நடுவில் வீரையா. தரையிலிருந்து நாலடி உயரத்தில், துவைத்துப் பிழிகிற துணி மாதிரி கிடைமட்டமாக நின்றான். விலா எலும்பு நெரிகிற சத்தம் அவனுக்கே கேட்டது. கத்துவதற்கு மூச்சு இல்லை. பின்னால் இருந்தவர்கள், அவன் பறந்துவிடப் போகிறான் என்று இன்னும் இறுக்கி இழுத்தார்கள். "ஐலசா" ஒன்றுதான் போடவில்லை.

கடைசியில் பாண்டியன்தான் கவ்வாத்துக் கத்தியால் வடத்தை ஒரே வெட்டில் வெட்டினான். பாண்டியன் வீரையாவின் மச்சான், ரேணுகாவுக்கு அண்ணன். வெட்டுப்பட்ட வேகத்தில் வீரையா பறந்து, ஒரு பாறையை முகத்தால் தொட்டுவிட்டுத் தண்ணீரில் விழுந்தான். பல் போனது அப்போதுதான். ராஜசேகர் ஓடி வந்து பட்டத்தைப் புரட்டிப் பார்த்தான். "நல்ல வேளை, கிழியல" என்றான்.

அன்று முதல் தினம் காலையில் இரண்டு மணி நேரம் வீரையா அடி வாங்கினான். அடி என்றால் சும்மா இல்லை. பட்டம் தலைக்கு நேர் மேலே நிற்கும்வரை பசு. கொஞ்சம் பக்கவாட்டில் இறங்கினால் வெறி பிடித்த எருமை. கட்டையை விடக் கூடாது என்று உத்தரவு. அதனால் எருமை போகிற இடமெல்லாம் இவனும் போனான். தண்ணீரில் முகங்குப்புற இழுபட்டான். கரையேறியும் இழுபட்டான். தேயிலைக்குள் இருபது வரிசை இழுபட்டு, கவ்வாத்துக் குச்சிகள் வயிற்றைக் கிழிக்க, ஒரு எல்லைக் கல்லில் மோதி நின்றான். அப்போதும் கட்டை கையில் இருந்தது. ரேணுகா இரவு சட்டையைக் கழற்றுவதற்குத் தண்ணீர் ஊற்றி நனைக்க வேண்டியிருந்தது, ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்ததால்.

ஐந்தாம் நாள் அடி பாண்டியனுக்கு விழுந்தது. பட்டத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது கயிறு அவனை உரசிக்கொண்டு ஓடியது. கயிறு ஓடினால் பிடிப்பதுதானே கயிற்றுக்காரன் கை? பிடித்தான். அந்த நூல் நடுவிரலின் மேல்கணுவை வாழைப்பூ நறுக்குவது போல நறுக்கிவிட்டுப் போனது. பாண்டியனுக்கு முதலில் வலிக்கவே இல்லை, கீழே குனிந்து எதையோ தேடினான். விரல் நுனியைத்தான் தேடினான். ராஜசேகர் ஒரு நூறு ரூபாயை நீட்டிவிட்டு, பட்டத்தில் பட்ட ரத்தத்தைக் கழுவச் சொன்னான்.

அன்று சாயங்காலம், கட்டுப்போட்ட கையோடு பாண்டியன் லயத்துக்கு வந்து, மடியிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்துப் போட்டான். பட்டத்தைச் சுருட்டி வைக்கிற பையில் கிடந்ததாம். இங்கிலீஷில் இருந்தது. ஆனால் படம் போட்டிருந்தது. முதல் பக்கத்திலேயே, சிவப்புக் கட்டத்துக்குள், ஒரு ஆள் கொக்கியைக் கழற்றி, இரண்டு கையையும் விரித்துக் கட்டையை விட்டுவிட்டு நிற்கிற படம். பக்கத்தில் பட்டம் அடங்கித் தண்ணீரில் கிடக்கிற படம். ஒரு சின்னக் கயிறு அதை ஆளோடு சேர்த்துப் பிடித்திருக்கிற படம். எழுத்தே தெரியாதவனுக்கும் புரியும்: ஆபத்து என்றால் விடு.

"தெரிஞ்சேதான் விடாதன்னு சொல்லியிருக்கான் மச்சான்," என்றான் பாண்டியன்.

வீரையா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே எழுந்த கோபம் கிளார்க்கின் மூக்கோடு நிற்கிற கோபம் இல்லை. அன்றைக்கே பங்களாவுக்குப் போயிருந்தால் கொலை விழுந்திருக்கும். ரேணுகா வாசலை மறித்து உட்கார்ந்தாள். "என்னையும் பிள்ளைகளையும் வெட்டிப்போட்டுட்டுப் போங்க," என்றாள். அவன் போகவில்லை. அந்தக் கோபத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மறுநாள் தண்ணீருக்குக் கொண்டுபோனான்.

கட்டையை விடக் கற்றுக்கொண்டவனுக்கு, அதைப் பிடிக்கவும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. எருமை திமிறினால் விட்டான். அடங்கினால் பிடித்தான். பலகையில் பாதத்தை நுழைத்து, பட்டத்தை ஒரு பக்கம் சாய்த்து, அது இழுக்கும்போது எழுந்தான், விழுந்தான், எழுந்தான். தண்ணீர் கன்னத்தில் அறைகிற அறை இருக்கிறதே, ஊட்டிக் குளிரில், பிளந்த உதட்டின் மேல், அதை வாங்கியவனுக்குத்தான் தெரியும். ஆடி பிறந்தபோது நூறடி நின்றான். பிறகு அக்கரை வரைக்கும் போனான். காற்றோடு போவது பெரிய காரியமில்லை, விறகுக்கட்டையும் போகும். காற்றுக்கு எதிராகக் குறுக்கும் மறுக்குமாக ஏறிப் புறப்பட்ட கரைக்கே திரும்புவதுதான் வித்தை. அதற்கு முதுகைத் தண்ணீரை நோக்கிப் பின்னால் சாய்த்துப் பட்டத்தின் மேல் முழுப் பாரத்தையும் போட வேண்டும். பதினைந்து வருஷம் மரத்து வடத்தில் சாய்ந்தவனுக்கு அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆடி கடைசியில் ஒருநாள் புறப்பட்ட பாறைக்கே திரும்பி வந்து நின்றான். நின்றவன் அழுதான். சந்தோஷத்தில்தான். இந்த முப்பத்து நாலு வருஷத்தில், போன இடத்திலிருந்து திரும்பி வந்தது அதுதான் முதல் தடவை.

ராஜசேகருக்குச் சாய வரவில்லை. கயிறு தாங்கும் என்று அவன் மனசு நம்பவில்லை. தினமும் காற்றோடு போவான், விழுவான், ஜீப் சுற்றிக்கொண்டு போய் அள்ளி வரும். "பின்னால சாயுங்க தொரை, அது தாங்கும்," என்று வீரையா ஒருநாள் சொன்னான். "நீ எனக்குச் சொல்றியா?" என்று பலகையைத் தூக்கி அவன் முழங்காலில் அடித்தான் ராஜசேகர். பிறகு அவனே கேட்டான், எப்படிச் சாய்வது என்று.

ஆவணியில் பணம் போடுகிறவர்கள் வந்தார்கள். மெட்டில்டா என்று குன்னூர்ப் பக்கத்து அம்மாள், ஓட்டல் நடத்துகிறவள். கூட அவள் கணவர். முந்தின நாளே ராஜசேகர் வீரையாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டான்.

"அவிய கேட்டா, நான் சொல்லிக் குடுத்தவன், நீ பழகறவன். உன்னையும் போகச் சொன்னாங்கன்னா நாலடி போயி உழுந்துரு. உழுவறதுல நீதான் கெட்டிக்காரனாச்சே. சாயங்காலமே ஊட்டுக் காயிதத்துல கையெழுத்துப் போடறேன்."

"சரிங்க தொரை."

ரேணுகாவும் அதையேதான் சொன்னாள். "நல்லா விழுங்க. இன்னொரு பல்லு போனாலும் பரவாயில்ல. நீங்க அடிபடுறதப் பாக்க நான் வரமாட்டேன்." அவனும் விழுவதாகவே தீர்மானித்தான். வீடு இருந்தால் போதும், மானம் மயிருக்குச் சமம் என்று சொல்லிக்கொண்டுதான் அணைக்கு இறங்கினான்.

காற்று அன்று பேய் பிடித்து அடித்தது. லயத்துச் சனம் பாதி கரையில் நின்றது. ராஜசேகர் புது உடுப்பில் இறங்கினான், நன்றாகத்தான் எழுந்தான். நடு அணையில் காற்றின் ஒரு வீச்சு வந்து விழுந்தது. சாய வேண்டிய இடத்தில் முன்னால் குனிந்தான். பட்டம் அவனைத் தலைகுப்புற எடுத்து அணைக்கட்டுக் கருங்கல்லில் கொண்டுபோய்த் தேய்த்தது. ஜீப்பில் திரும்பி வந்தபோது முழங்கால் இரண்டும் தக்காளி. "காத்து இன்னிக்கு ரொம்ப ஓவர்" என்று சிரித்தான்.

"உங்க ஆளு போவாரா? அவரும் பழகறார்னு சொன்னீங்களே," என்றாள் மெட்டில்டா.

ராஜசேகர் வீரையாவைப் பார்த்தான். பார்வையிலேயே அத்தனையும் இருந்தது. வீரையா தலையை ஆட்டிவிட்டுப் பலகையில் ஏறினான்.

நாலடி போனான். இப்போது விழலாம் என்று நினைத்தான். அதற்குள் ஒரு வீச்சு வந்தது. நினைப்பு விழுவதற்குத் தயாராக இருந்தது, முழங்கால் அதற்கு முன்னால் மடங்கிவிட்டது. முதுகு தானாகச் சாய்ந்தது. பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நின்றது. சரி, அடுத்ததில் என்றான். அடுத்ததிலும் கை தானாகக் கட்டையைத் திருப்பியது. குதிகாலை வேண்டுமென்றே அழுத்தினான். பலகை தாவி எழும்பித் தண்ணீரில் அழகாக இறங்கியது. கரையில் விசில் அடித்தார்கள். வீரையாவுக்குப் பயம் வந்தது. கட்டையை விட்டுவிடலாம் என்று ஒரு புத்தி சொன்னது. விரல்கள் பிரியவில்லை. ஐம்பது நாளாக அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம் உடம்பில் ஏறிவிட்டிருந்தது. சொன்ன பேச்சைக் கேட்கிற உடம்பு அது இல்லை இப்போது.

அக்கரை வந்தது. அங்கே விழுந்தால்கூடப் போதும். ஜீப் வந்து அள்ளும், சின்னதொரைக்கும் தனக்கும் கணக்குச் சரியாகிவிடும். வீடு, வீடு என்று வாய்விட்டே சொன்னான். சொல்லிக்கொண்டே பட்டத்தை மறுபக்கம் சாய்த்துத் திரும்பினான். காற்றுக்கு எதிராக, குறுக்கும் மறுக்குமாக, ஒவ்வொரு திருப்பத்திலும் இதோ விழுகிறேன் என்று சத்தியம் செய்துகொண்டு, விழாமல், புறப்பட்ட பாறைக்கே வந்து இறங்கினான்.

மெட்டில்டா கைதட்டினாள். "ராஜசேகர், நீங்க இவர்கிட்டயே கத்துக்கலாமே!" என்றாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். ராஜசேகரும் சிரித்தான். விருந்தாளிகள் பங்களாவுக்கு ஏறிப் போகிறவரை சிரித்துக்கொண்டேயிருந்தான்.

பிறகு வீரையாவைக் கரையோரப் பம்ப் ஷெட்டுக்குப் பின்னால் வைத்து அடித்தான். முதலில் கன்னத்தில். பிறகு முஷ்டியால் தாடையில். பிறகு பூட்ஸ் காலால் வயிற்றில். வீரையா கையை ஓங்கவில்லை. அடிகள் விழ விழ அவனுக்கு ஒரே ஆச்சரியம். பாறையில் மோதியிருக்கிறான், கவ்வாத்துக் குச்சியில் கிழிபட்டிருக்கிறான், ஆனிக் காற்று தூக்கிப் போட்டிருக்கிறது. இந்தத் தொரைகளுக்குப் பயந்தா இத்தனை வருஷம் தலை குனிந்தோம்? இவ்வளவுதானா இந்த அடி? வயிற்றில் மூன்றாவது உதை விழுந்தபோது வீரையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தான். போன பல்லின் ஓட்டை வழியாக ரத்தமும் சிரிப்புமாகப் பீறிட்டது.

ராஜசேகர் பின்வாங்கினான். தாடையில் குத்திய கையை உதறிக்கொண்டிருந்தான், முட்டி வீங்கிவிட்டது. "இன்னைக்கே," என்றான், மூச்சு வாங்க. "இன்னைக்கே காலி பண்றா, நாயே."

வீரையா லயத்துக்கு ஏறி வருவதற்குள் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்து கதவில் பூட்டுப் போட்டுவிட்டார்கள். சட்டி பானை, பாய், பிள்ளைகளின் புத்தகப் பை எல்லாம் வெளியே சாக்கடை ஓரத்தில் கிடந்தன. தூறல் போட்டது. பெரியவள் தங்கச்சியின் தலையில் முறத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரேணுகா எழுந்து அவனுக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஏன் விழல?"

"விழுவோம்னுதான் போனேன். விழ ஏலல புள்ள."

அவள் அறைந்தாள். ஒரு அறைதான். கொழுந்து பறித்துப் பறித்துக் காய்ப்புக் காய்த்த கை. பாறையும் காற்றும் சின்னதொரையின் பூட்ஸும் செய்யாததை அது செய்தது. வீரையா அப்படியே சாக்கடைத் திட்டில் உட்கார்ந்துவிட்டான். ஐம்பது நாளில் முதல் தடவையாக அவனுக்கு வலித்தது. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் அழுதான்.

ரேணுகா சாமான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். கவிழ்ந்து கிடந்த பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். பாண்டியன் வீட்டில் நாலு நாள் தங்கலாம், அதற்கு மேல் அவனுக்கும் ஆபத்து. அது இரண்டு பேருக்கும் தெரியும். பாயைச் சுருட்டிக் கட்டும்போது, அவனைப் பார்க்காமலே கேட்டாள்.

"எது வரைக்கும் போனீங்க?"

"அக்கரைக்கு."

"ஜீப்ல திரும்புனீங்களா?"

"இல்ல. அதுலயேதான் திரும்பி வந்தேன்."

அவள் கயிற்றின் முடிச்சை இறுக்கினாள். இறுக்கியவள் கை அங்கேயே நின்றது.

"நான் வந்து பாத்திருக்கணும்," என்றாள். பிறகு சின்னவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கனமான மூட்டையை அவன் பக்கம் தள்ளினாள்.